கண் ஒப்பரேஷன் முடிந்து ஒன்பதாம் நாள்

அம்மாவுக்கு 74 வயது. இடது கண்ணில் குளுக்கோமாவுக்கு (கண்ணுக்குள் பிரஷர் கூடிப் பார்வையைக் கெடுக்கும் நோய்) ட்ரெபெகுலெக்டமி என்ற ஒப்பரேஷன் செய்து, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் வரை ஒரு குறையும் இல்லை.

ஒன்பதாம் நாள் விடிய எழும்பினால் தலையணை ஒரு பக்கம் ஈரம். "மனே, கண்ணால தண்ணி வடிஞ்சிட்டே இருக்கு, பார்வையும் மங்குது" என்றார். வலி இல்லை, சிவப்பும் இல்லை. அதனால்தான் நான் அசந்துவிட்டேன். அன்று போயா விடுமுறை, கிளினிக் இல்லை என்று பேசாமல் இருந்தேன். கண் வார்டுக்குப் போயா கிடையாது என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் களுவாஞ்சிகுடியிலிருந்து முதல் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நம்பர் கொடுக்கிறவர் கிளினிக் கொப்பியைப் பார்த்தார். "உங்களுக்கு அடுத்த வியாழன்தானே போட்டிருக்கு, அன்றைக்கு வாங்க." ஒப்பரேஷன் திகதி உள்ள டயக்னோசிஸ் கார்ட் வீட்டு அலுமாரிக்குள் கிடந்தது. வாயால் சொன்னதை அவர் காதில் எடுக்கவே இல்லை. ஒரு மணித்தியாலம் கெஞ்சிவிட்டுத் திரும்பினோம். கண்ணைப் பொத்திக்கொண்டு அம்மா பஸ்ஸில் வந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது.

அடுத்த நாள் கார்டோடு போனேன். வழியில் நின்ற ஒரு நேர்ஸ் மிஸி அதை வாசித்துவிட்டு, "ஏன் நேற்றே வார்டுக்கு வரல்ல?" என்று கேட்டபடியே டொக்டரிடம் கூட்டிப் போனார். நன்றாயிருக்க வேண்டும் அந்தப் பிள்ளை.

செம்மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார்கள். கண்ணுக்குள் இருக்கும் நீர் வெளியேற மேல் இமைக்குக் கீழே செய்துவிட்ட கொப்புளத்தில் ஒழுக்கு. கண் பிரஷர் 4. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்க வேண்டியது. இத்தனை வருடமும் பிரஷர் கூடிவிடும் என்றே பயந்தோம். மிகவும் இறங்கினாலும் ஆபத்து என்று அன்றுதான் விளங்கியது. விழித்திரைக்குப் பின்னால் நீர் கட்டுமாம். வயது போனவர்களுக்கு அங்கே இரத்தமும் கசியலாம். ஒழுக்கு வழியே கிருமியும் உள்ளே போகும்.

மறுகா டொக்டர் மருந்துப் போத்தல்களைக் கேட்டார். பழைய டைமொலோல் சொட்டு மருந்தை வலது கண்ணுக்கு மட்டும் தொடரச் சொல்லியிருந்தார்கள். அம்மா பழக்கத்தில் இரண்டு கண்ணுக்கும் விட்டிருக்கிறார்! கண்ணுக்குள் நீர் சுரப்பதையே குறைத்துப் பிரஷரை இறக்கும் மருந்து அது. கார்டில் தெளிவாகத்தான் எழுதியிருந்தது. வாசித்துக் காட்டியிருக்க வேண்டியவன் நான்.

கண்ணின் மேல் மூடி வைக்கும் பேண்டேஜ் லென்ஸ் வைத்தும் ஒழுக்கு நிற்கவில்லை. கடைசியில் தையல் போட்டார்கள். குனியக் கூடாது, வாளி தூக்கக் கூடாது, மலம் போக முக்கக் கூடாது. அம்மாவை வாசல் கூட்டாமல் வைத்திருப்பதுதான் பெரும்பாடு, விளக்குமாற்றையே மாமி வீட்டில் கொண்டுபோய் வைத்தேன்.

மூன்று கிழமையில் பிரஷர் 11க்கு வந்தது. கார்டை இப்போது போனில் படம் பிடித்து வைத்திருக்கிறேன், நீங்களும் வையுங்கள். நீர் வடிந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண் சிவந்தாலோ கிளினிக் திகதி பார்க்க வேண்டாம். நேரே வார்டுக்குப் போங்கள். சிவப்பு மட்டும் வருடங்கள் கழித்து வந்தாலும் அன்றே போக வேண்டுமாம்.

வலது கண் போத்தலின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்கிறார்.