அப்பாவை எடுத்த பிறகு அலைந்த அலைச்சல்

எங்கள் ஊரில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் இப்போது எனக்கு ஒரு போன் வந்துவிடுகிறது. "அண்ணா, அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்பார்கள். நான் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற ஆள். சடங்கெல்லாம் எனக்குத் தெரியாது. போன வருஷம் ஆடி மாசம் எங்கப்பா போனபோது தெரியாமல் அலைந்ததில் கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு தருமபுரி பெரியாஸ்பத்திரியில் உயிர் போனது. நெஞ்சில் சளி கட்டி நாலு நாள் படுத்திருந்தார். அம்மா கேட்ட முதல் கேள்வி, "அறுத்துப் பாப்பாங்களாடா?" அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோயில் போனால் போஸ்ட்மார்ட்டம் கிடையாது. விபத்து, விஷம், பாம்புக்கடி, தூக்கு என்றால் போலீஸ் கேஸ், கட்டாயம் உண்டு. வழியிலேயே உயிர் போன பிறகு கொண்டுவந்து சேர்த்தாலும் பெரும்பாலும் போலீசுக்குத் தகவல் போய்விடும். எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது, எப்படி ஊருக்குக் கொண்டுபோவது. பென்னாகரம் தாண்டி எங்கள் ஊர். 108-ல் பிணம் ஏற்ற மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற தனியார் வண்டிக்காரர் ஆறாயிரம் என்றார். மாமா பணத்தை எண்ண ஆரம்பித்துவிட்டார். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக இருந்த அரூர்க்காரம்மா ஒருவர்தான், "155377-க்குப் போடு தம்பி, காசு வாங்க மாட்டாங்க" என்றார். அரசின் இலவச அமரர் ஊர்தி அது. செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிறது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம், அவ்வளவுதான். அந்த அம்மா பேரைக்கூடக் கேட்கவில்லை நான்.

அண்ணன் குவைத்தில். "நான் வராம எடுக்கக் கூடாது" என்று போனில் அழுதான். அவன் பெங்களூரில் இறங்கி கிருஷ்ணகிரி வழியாக ஊர் வந்து சேர ஞாயிறு மதியம் ஆகிவிடும். அதனால் ஐஸ் பெட்டி. நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, வண்டி வாடகை தனி. பெட்டிக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "பிளக்கு கெட்டியா இருக்குதா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் திண்ணையில் இருந்த பிளக்குக் கட்டை அப்பா காலத்தது, ஆட்டம். ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியின் சத்தம் நின்றது. அரை மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடிக்கு உள்பக்கம் பனி பூத்து அப்பா முகம் மறைய ஆரம்பித்தபோதுதான் கவனித்தோம். அம்மா அதை வெளிப்பக்கமே முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்கப் போகவில்லை. மச்சான் ஒரு தீக்குச்சியை ஒடித்துப் பிளக்கில் சொருகி நிறுத்தினான், காலை வரைக்கும் அவனேதான் காவல். பெட்டி வைக்கிற வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நல்ல பிளக்கு இருக்கிற இடம் பாருங்கள், கரண்டு போனால் ஜெனரேட்டர் யாரிடம் இருக்கிறது என்று சாயங்காலமே கேட்டு வையுங்கள், தண்ணீர் சொட்டுகிற குழாய்க்கு அடியில் ஒரு குண்டான் வையுங்கள்.

புதைப்பதா எரிப்பதா என்று எங்களுக்குள் பேச்சே எழவில்லை, எங்கள் வகையறாவில் புதைப்பதுதான். எங்கே என்பதில்தான் தகராறு. அப்பா உயிரோடு இருக்கும்போதே, "என்னெ நம்ம கொல்லையில, கெணத்துப் பக்கம் வெச்சிடுங்க" என்று சொல்லியிருந்தார். எங்கள் பக்கம் கொல்லை என்றால் பயிர் செய்கிற நிலம். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பாகம் பிரிக்காத நிலம் என்பது அவர் வாதம். கடைசியில் வி.ஏ.ஓ.வைக் கேட்டோம். ஊராட்சிகளுக்கு 1999-லேயே இதற்கு விதி வந்துவிட்டதாம். இடுகாடு என்று குறித்த இடம் தவிர வேறெங்கும் அனுமதியில்லாமல் புதைக்கக் கூடாது, பட்டா நிலமே ஆனாலும். பக்கத்துக் கொல்லைக்காரர் நாளைக்கு மனு கொடுத்தால் தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு வரும் என்றார். தோண்டி எடுப்பது என்ற வார்த்தையைக் கேட்டதும் அம்மாவே, "ஊர்ச் சுடுகாட்டுக்கே போலாம்" என்று சொல்லிவிட்டாள். அப்பா கேட்டதைச் செய்ய முடியவில்லை என்கிற குறை எனக்கு இருக்கிறது. கிணற்றோரம் ஒரு மாங்கன்று வைத்திருக்கிறேன்.

சனிப் பொணம் தனியாப் போகாது என்று பெரியம்மா பிடிவாதம் பிடித்தாள். ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில் கட்டினார்கள். தாரை தப்பட்டை சத்தத்துக்கு நடுவிலும் வழி நெடுக அது கீச் கீச் என்று கத்திக்கொண்டே வந்தது. நான் நெய்ப்பந்தம் பிடித்த பிள்ளைகளைப் பார்க்காமல் அந்தக் குஞ்சையே பார்த்துக்கொண்டு நடந்தேன். குழிக்குப் பக்கத்தில் அவிழ்த்துவிட்டதும் எதிர்வீட்டுப் பையன் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான். குழி ஜேசிபி தோண்டியது. எங்கள் பக்கம் மூன்றடிக்குக் கீழே பாறை, கடப்பாரைக்கு இறங்காது. சடங்கைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள். ஊரில் பெரியவர்கள் ஆளாளுக்குச் சொல்வார்கள், சொல்கிறபடி நின்றால் போதும். நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது வேறு.

இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) உத்தரவு வரைக்கும் போகும். மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு நேரே எங்கள் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றேன். "உங்கப்பா இங்கயா செத்தாரு? தருமபுரியிலதானே? அங்கதான் பதிவாகும்" என்றார். உயிர் எங்கே போனதோ அந்த எல்லையில்தான் பதிவு. குடியிருக்கிற ஊருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வீட்டிலேயே போயிருந்தால் அவரே பதிந்திருப்பார். ஆஸ்பத்திரியில் போனால் தகவல் அங்கிருந்தே போய்விடும், நாம் கேட்டு வாங்கினால் போதும். சான்றிதழை அரசு இணையதளத்தில் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், கியூஆர் கோடு இருக்கும். எத்தனை பிரதி வேண்டுமானாலும் அச்செடுக்கலாம். நான் இது தெரியாமல் பத்து ஜெராக்ஸ் போட்டுக் கையெழுத்துக்கு அலைந்தேன்.

எங்கள் கழுத்தைப் பிடித்தது பேர். எங்கள் பக்கம் மாதையன் என்றால் கூப்பிடுவது மாது, முனியப்பன் என்றால் முனி. ராத்திரி அவசரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது மச்சான், கூப்பிடுகிற பேரைச் சொல்லியிருக்கிறான். சீட்டில் அதுதான் ஏறியது. சான்றிதழிலும் அதுவே வந்தது. ஆதாரில் முழுப்பேர். பேங்கில் ஒரே பார்வையில், "இது வேற ஆளுங்களே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். திருத்தம் செய்ய ஆதார் நகல், ரேஷன் கார்டு, நோட்டரி கையெழுத்துப் போட்ட உறுதிமொழி, விவரம் தெரிந்த இரண்டு பேர் வாக்குமூலம். ஐந்து முறை தருமபுரி போய்வந்தேன், ஐந்து நாள் சம்பளம் போனது. அதனால்தான் இப்போது யாராவது போன் போட்டால் முதலில், "ஆதார் யார் கையில இருக்கு?" என்று கேட்கிறேன். சாவு வீட்டில் ஆதாரைக் கேட்கிறானே என்று ஒருத்தர் கோபித்துக்கொண்டார். இருக்கட்டும்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு முன்னால் ஒகேனக்கல் போய்த் தலைமுழுகி வருவது எங்கள் வழக்கம். ஆடி மாசம் என்பதை மறந்துபோனோம். கர்நாடகத்தில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் திறந்துவிட்டு ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. குளிக்கத் தடை, பரிசலும் இல்லை. வேன் பேசியாகிவிட்டது, பத்து பேர் ஏறியும் ஆகிவிட்டது. அரூர் தாண்டி அனுமன்தீர்த்தத்துக்கு வண்டியைத் திருப்பினோம். தென்பெண்ணையில் முழங்கால் அளவு தண்ணீர். முழுகவில்லை, உட்கார்ந்து மொண்டு ஊற்றிக்கொண்டோம். டிரைவர் கூடுதல் வாடகை கேட்டார், நியாயம்தான்.

வாரிசுச் சான்றிதழ் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். கட்டணம் அறுபது ரூபாய். வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளரும் விசாரித்து தாசில்தார் கொடுப்பார். அண்ணன், "தங்கச்சியக் கட்டிக் குடுத்தாச்சே, அவ பேரு எதுக்கு?" என்று கேட்டான். குவைத் போனவன் என்பதால் சட்டம் மாறிவிடுமா? கட்டிக்கொடுத்த பெண்ணும் வாரிசுதான். அது மட்டுமில்லை, எங்கப்பாவைப் பெற்ற பாட்டியும் இருக்கிறாள், தொண்ணூறு வயசு, காது கேட்காது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி மகன் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு. விசாரணைக்கு வந்தவர் திண்ணையில் இருந்த பாட்டியைப் பார்த்துவிட்டு, "இவங்க யாரு?" என்றார். விண்ணப்பத்தில் பாட்டி பேரே இல்லை. மறுபடி முதலிலிருந்து.

பேங்க் கணக்கில் அம்மா நாமினி, அது பத்து நாளில் முடிந்தது. நாமினி போடாத ஒரு டெபாசிட்டுக்குத்தான் வாரிசுச் சான்றிதழ் வரும்வரை காத்திருந்தோம். ஏடிஎம் கார்டு வீட்டில்தான் இருந்தது, நம்பர் மச்சானுக்குத் தெரியும். "எடுத்துடலாமா?" என்று கேட்டான். செத்தவர் கணக்கில் கார்டு போட்டு எடுத்தால் பின்னால் உடன்பிறந்தவர்களுக்குள்ளேயே வழக்காகும். எடுக்கவில்லை. முதியோர் உதவித்தொகை வாங்குகிறவராக இருந்தால் அதையும் உடனே சொல்லி நிறுத்திவிட வேண்டும், அடுத்த மாசப் பணம் வந்துவிட்டால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். ரேஷன் கார்டில் பேர் நீக்கம் இ-சேவையிலேயே முடியும்.

பட்டா மாற்றம் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, சித்தப்பாவோடு பாகம் பேசி முடிக்கவில்லை. கிணற்று மோட்டார் சர்வீஸும் அப்பா பேரில்தான். போன மாசம் கம்பத்தில் ஏற வந்த லைன்மேன் வாசலில் நின்று அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து பாட்டி, "கொல்லைக்குப் போயிருக்கான், வருவான்" என்று பதில் சொன்னாள்.