விளிம்பில் ஓடும் எழுத்து

"அப்பா, இந்தச் சிங்கம் ஏன் ஒட்டகத்தை மிதிக்கிறது?"

ஓவியப் பயிற்சிக்குப் படம் தேடிக்கொண்டிருந்த மகள், இன்று காலை கைபேசியை என் முன் நீட்டினாள். சிவப்புப் பட்டு, தங்க இழை, முத்து வரிசைகள். சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் மேலங்கி. இப்போது வியன்னாவின் கருவூலத்தில் இருக்கிறது.

நான் சிங்கத்தை விட்டுவிட்டு விளிம்பைப் பெரிதாக்கினேன். அங்கே கூஃபி என்ற பழைய கோண வடிவ எழுத்தில் அரபு வாசகம் ஓடுகிறது. கிறிஸ்தவ மன்னருக்காக அவருடைய அரண்மனைப் பட்டறையிலேயே உருவான அந்த ஆடை, தன் வயதைக் கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணாமல் இஸ்லாமிய ஆண்டுக் கணக்கில் ஹிஜ்ரி 528 என்று சொல்கிறது, அதாவது 1133-34.

ரோஜருக்கு 1130-இல் அரச பட்டம் அளித்த இரண்டாம் அனக்ளீட்டஸை, திருச்சபை பின்னர் போட்டிப் போப்பாண்டவர் என்று ஒதுக்கியது. எதிர்த்தரப்புப் போப்பாண்டவரான இரண்டாம் இன்னசென்ட், 1139-இல் படையோடு வந்து ரோஜரிடமே சிறைப்பட்ட பிறகுதான் அந்தப் பட்டத்தை ஏற்றார். சிசிலியின் தலைநகர் பலெர்மோவின் மார்த்தோரானா தேவாலயச் சுவரில், பைசாந்தியப் பேரரசரைப் போல உடுத்தி நிற்கும் ரோஜருக்குக் கிறிஸ்துவே நேரடியாக முடி சூட்டுகிறார். போப்பாண்டவருக்கு அங்கே இடமில்லை. (கைதியாக வந்தவரை வரைவதும் சங்கடம்தானே.)

அரபு எழுத்தோடிய அதே மேலங்கியைப் பிற்காலத்தில் புனித உரோமைப் பேரரசர்கள் தங்கள் முடிசூட்டு விழாக்களில் அணிந்தார்கள்.

சிசிலியில் வீழ்ந்த அரபு ஆட்சியே அந்த ஒட்டகம் என்று பலர் விளக்குவதை மகளிடம் சொன்னேன். அவள் ஒட்டகத்தைத்தான் முதலில் வரையத் தொடங்கினாள்.