வேலூர்க்காரனுக்கே வெயிலா?

மியூனிக்கில் முதுகலை படிக்கப் போன முதல் வருஷம். ஜூலை மாதம் ஸ்பெயினில் இருக்கும் செவியாவுக்கு விமான டிக்கெட் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. ஏன் இவ்வளவு மலிவு என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

கூடப் படிக்கும் ஜெர்மன் பையன், "ஜூலையிலா? செவியாவுக்கா?" என்று இரண்டு முறை கேட்டான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று கேலி பேசப்படும் வேலூரில், கத்திரி வெயிலில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன் நான். 28 டிகிரிக்கே சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்தரையில் படுக்கிறவர்கள் எனக்கு வெயிலைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை நன்றாகத்தான் போனது. பேராலயத்தின் கிரால்டா கோபுரத்தில் ஏறினேன். மசூதியின் கோபுரமாக இருந்து, பிறகு மணிக்கூண்டாக மாறியது அது. உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாகச் சரிவுப் பாதைதான், மொத்தம் 35 சரிவுகள். பாங்கு சொல்லுகிறவர் குதிரை மேலேயே உச்சிவரை போவதற்காக அப்படிக் கட்டினார்களாம். எனக்குக் குதிரை கிடைக்கவில்லை. கீழே கொலம்பஸின் கல்லறையில் நான்கு ராஜ்யங்களைக் குறிக்கும் நான்கு சிலைகள் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. பார்த்துவிட்டு நிம்மதியாக வெளியே வந்தேன். அடுத்து தூக்கப்படப்போவது நான் என்று அப்போது தெரியாது.

மதியம் அறைக்குத் திரும்பிவிட்டேன். உச்சி வெயிலில் அலையக் கூடாது, வெயில் தாழ்ந்ததும் கிளம்பணும் என்பது அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு தூக்கம் போட்டுவிட்டு, பொறுப்பாக ஐந்து மணிக்குத் தொப்பியோடு படியிறங்கினேன். விடுதியில் சாவி வாங்கிக்கொள்ளும் பெரியவர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்பானிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். வாழ்த்துகிறார் போல என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னலும் மூடிக் கிடந்தன. கடைத்தெருவுக்கு மேலே மட்டும் கூரைக்குக் கூரை துணிப்பந்தல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஏதோ கல்யாண வீட்டுக்குள் நடக்கிற மாதிரி அதன் அடியில் நடந்தேன். பந்தல் முடிந்ததும்தான் விஷயம் புரிந்தது. நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டும். பனியனைப் பிழிந்தாவது மனசு ஆறும். இங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடுகிறது. அடுப்பில் வைத்த தோசைக்கல்லுக்கு நேராக முகத்தை நீட்டினால் எப்படி இருக்கும், அதுதான்.

பிளாசா டி எஸ்பான்யா 1929 கண்காட்சிக்காகக் கட்டப்பட்ட பிரம்மாண்டமான அரைவட்டக் கட்டடம். மேற்கே ஓடும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறது. அதாவது சாயங்கால வெயிலை மார்பில் நேராக வாங்கிக்கொள்கிறது. மாகாணத்துக்கு ஒன்றாக வண்ண ஓடு பதித்த பெஞ்சுகள், அத்தனை அழகு. ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அரை டிராயரோடு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். எந்த மாகாணம் என்று படிக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. போட்டோவில் நான் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. நடுவில் ஒரு கோலம்.

தள்ளாடித் திரும்பும் வழியில் மருந்துக்கடையின் பச்சைச் சிலுவைப் பலகை 44 என்று மின்னியது. மணி ஆறு. காலையில் இருந்ததைவிட, மதியம் இருந்ததைவிட இப்போதுதான் அதிகம்!

காரணம் அப்புறம்தான் தெரிந்தது. ஸ்பெயின் 1940-இல் தன் கடிகாரத்தை ஜெர்மனி பக்கத்து நேரத்துக்கு மாற்றிக்கொண்டது, இன்றுவரை திருப்பி வைக்கவில்லை. போதாததற்குக் கோடையில் இன்னொரு மணி நேரம் கூட்டல் வேறு. ஆக, செவியாவில் ஜூலை மாதம் சூரியன் உச்சிக்கு வருவதே இரண்டரை மணிக்கு. நான் வெயில் தாழக் கிளம்பிய ஐந்து மணி, சூரியன் கணக்கில் மத்தியானம் இரண்டரை. ஊரே கதவடைத்துக்கொண்ட நேரம் பார்த்து ஊர் சுற்றக் கிளம்பிய ஒரே புத்திசாலி நான்தான்.

ஒரு உணவகத்தில் புகுந்தேன். கஸ்பாச்சோ என்று சிவப்பாக ஒன்று தந்தார்கள். வாயில் வைத்தால் ஜில்லென்று தக்காளி ரசம். பழக்கதோஷம், "கொஞ்சம் சூடு பண்ணித் தர முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். பரிமாறிய பெண்மணி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காததுதான் பாக்கி.

விடுதிக்குள் நுழைந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் ஒரு கையும் இன்னொருவர் மறு கையுமாகத் தாங்கி நடு முற்றத்தில் உட்கார வைத்தார்கள். நால்வர் இல்லை, இரண்டு பேர்தான், அதுவரை சந்தோஷம். பழைய செட்டிநாட்டு வீடு மாதிரி சுற்றிலும் அறைகள், நடுவில் திறந்த முற்றம், ஈரத் தரை. பெரியவர் ஒரு வெள்ளை மண்பானையைக் கொண்டுவந்தார். மேலே கைப்பிடி, ஒரு பக்கம் தண்ணீர் ஊற்ற வாய், மறுபக்கம் சின்ன மூக்கு. பொதீஹோ என்று பெயராம். மெருகு போடாத மண், தண்ணீர் கசிந்து கசிந்து தானே குளிர்கிறது. நம் வீட்டுத் திண்ணைப் பானையேதான், மூக்கு மட்டும் கூடுதல்.

வாய் வைக்கக் கூடாது என்று அவர் சைகையில் விளக்க ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் நான் பானையைத் தூக்கி, அண்ணாந்து, ஒரு முழம் உயரத்திலிருந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டுக் கீழே வைத்தேன். சட்டையில் ஒரு சொட்டு விழவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு டச்சுக்காரர்கள் அரை மணி நேரமாக முகத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். பெரியவர் கை தட்டினார். உள்ளே போய் மனைவியைக் கூட்டிவந்து, இன்னொரு தரம் குடித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

ராத்திரி பத்து மணிக்கு, கடைசி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தபோது, அம்மாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வெயில், பெஞ்சு, மயக்கம் எதற்கும் பதில் இல்லை.

"அங்கயும் எச்சி பண்ணாம தூக்கித்தான் குடிக்கிறாங்களா?"

"ஆமாம்மா."

"நல்ல மனுசங்கடா. இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வா."