அவுட்போர்டு எஞ்சின் செய்முறைத் தேர்வு: தண்ணீர் போகும் வழியிலிருந்து படியுங்கள்

அவுட்போர்டு, அதாவது படகின் பின்புறம் வெளியே மாட்டும் சிறிய எஞ்சினின் பராமரிப்புப் பயிற்சி முடித்துத் தேர்வுக்குத் தயாராகிறவர்கள் முதலில் பாகங்களின் பெயர்களை மனப்பாடம் செய்ய உட்காருகிறார்கள். எனக்கு அது பெரிதாக உதவவில்லை. தண்ணீர், பெட்ரோல், மின்பொறி மூன்றும் எஞ்சினுக்குள் எந்த வழியாகப் போகின்றன என்று படித்ததுதான் கைகொடுத்தது. அந்த வழியில் எங்கே அடைப்பு, எங்கே கசிவு என்பதைத்தான் தேர்வாளர் சுற்றிச் சுற்றிக் கேட்டார்.

“எஞ்சின் ஓடுகிறது, பக்கவாட்டுத் துளையில் குளிர்விக்கும் தண்ணீர் பீய்ச்சவில்லை. என்ன செய்வீர்கள்?” இந்தக் கேள்வி வராத தேர்வு இருக்காது என்றே நினைக்கிறேன். இம்பெல்லரை, அதாவது தண்ணீரை மேலே தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரத்தைக் கழற்றுவேன் என்று தொடங்காதீர்கள். முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். அடுத்து, கீழே தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் பாசியோ பிளாஸ்டிக் பையோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு துளையில் மெல்லிய கம்பியை விட்டு உப்பையும் மணலையும் எடுக்க வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால்தான் இம்பெல்லர். அதன் ரப்பர் இதழ்களுக்கு உயவு தருவதே தண்ணீர்தான். உலர்ந்து சுழன்றால் சில நொடிகளிலேயே கெடத் தொடங்கும். இதழ் ஒன்று உடைந்திருந்தால் புதியதை மாட்டுவதோடு வேலை முடியாது. உடைந்த துண்டைத் தேடி எடுக்க வேண்டும். அது உள்ளே தங்கினால் குளிர்விக்கும் பாதையை அடைத்துவிடும். இதை நான் சொன்னபோதுதான் தேர்வாளர் தலையசைத்தார். புதிய இம்பெல்லரை மூடும்போது தண்டை அது ஓடும் திசையிலேயே சுழற்றுங்கள், இதழ்கள் சரியாக மடியும்.

கியர் ஆயிலில் ஒரே ஒரு நுணுக்கம்: கீழ்த் துளை வழியாக நிரப்பி, மேல் துளையில் வழியும்வரை அழுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. வடித்த ஆயில் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லர் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் வளையத்தை அறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எரிபொருளில் கணக்கு கேட்பார்கள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 50:1 என்றால் 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி ஆயில். பழைய எஞ்சின்கள் சிலவற்றுக்கு 25:1, அதாவது 400 மில்லி. ஆகவே “கையேட்டில் உள்ள விகிதப்படி” என்று சொல்லிவிட்டுக் கணக்கைத் தொடங்குவது நல்லது. கொஞ்ச நேரம் ஓடி நின்றுபோகும் எஞ்சினைக் காட்டினால், கார்புரேட்டரைத் தொடும் முன் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் பெட்ரோல் வராது.

ஸ்பார்க் பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். கருப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் சூடு அதிகம். எஞ்சினுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக மாட்டியிருக்கும் துத்தநாகத் தகட்டின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடித்தால் அது அரிக்காது, எஞ்சினின் அலுமினியம் அரிக்கும்.

செய்முறையில் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் உண்டு. புரொப்பல்லரில் கை வைக்கும் முன் கியரை நியூட்ரலில் வைத்து, பிளக் வயரைக் கழற்றுங்கள். இயக்கும் முன் நிறுத்துக் கயிற்றை (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) உடலோடு மாட்டுங்கள். தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஓட்டும்போது உறிஞ்சும் துளைகள் நன்றாக மூழ்கியிருக்கின்றன என்பதைத் தேர்வாளருக்குக் காட்டிவிட்டே எஞ்சினைக் கிளப்பும் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுங்கள்.