தடைக்கால நிவாரணமும் ஓட்டும்: ஒரு கணக்குக்காக அலைந்த கதை

கடைசியில் கணக்கு கைக்கு வந்துவிட்டது. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலத்தில் அரசு தரும் நிவாரணம் எந்தக் கடற்கரை ஊரில் எத்தனை குடும்பத்துக்குப் போனது என்ற கணக்கு. பெயர் கிடையாது, வங்கி எண் கிடையாது, ஊர்வாரியாக வெறும் எண்ணிக்கை. இதை வாங்க நான் அலைந்ததில் பாதியையாவது அடுத்து வருகிறவர்கள் மிச்சப்படுத்தட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் ஆய்வுக் கேள்வி இதுதான்: நிவாரணம் வாங்கிய குடும்பம், ஓட்டுப் போடும்போது அதை மனதில் வைக்கிறதா? கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்தின் இந்தக் கரையில் ஒரு சிக்கல் உண்டு. தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2019 நாடாளுமன்றத் தேர்தலில் இங்கே வாக்குப்பதிவு ஏப்ரல் 18, 2024-இல் ஏப்ரல் 19. இரண்டுமே தடைக்குள் விழுந்தன. 2021 சட்டமன்றத் தேர்தல் ஏப்ரல் 6, தடைக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆகவே தடைக்காலத்தில் ஓட்டு கூடியிருந்தால், அது நிவாரணத்தாலா, விசைப்படகு ஆட்கள் கரையில் இருந்ததாலா என்று பிரித்துப் பார்த்தாக வேண்டும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை, அவர்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அந்த ஊர்களையும் விசைப்படகு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விடை கிடைக்கும். அதற்கு ஊர்வாரிக் கணக்கு இல்லாமல் முடியாது.

பல்கலைக்கழகப் பதிவு, நெறிமுறைக் குழு ஒப்புதல் எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தன. சிக்கல் மாவட்டத்தில் ஓர் அலுவலகத்தில் தொடங்கியது. முதலில் என் ஆய்வு நெறியாளர் கடிதத்தில் துறை முத்திரை இல்லை என்றார் எழுத்தர். முத்திரையோடு போனால் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது, தமிழில் கொண்டுவாருங்கள் என்றார். தமிழில் கொண்டுபோனால் அதிகாரி முகாமில் இருக்கிறார். இந்த மூன்றையும் முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். தங்கச்சிமடத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்வர ஒரு பகலே போய்விடுகிறது. கடைசியில் அந்த எழுத்தர் சொன்னது: "ஏம்மா, ஓட்டு, கட்சின்னு கேக்குறீங்க. நாளைக்கு எனக்கு எதுக்கு வம்பு?" அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொதுப்பணத்தில் கொடுத்த நிவாரணத்தின் கணக்கைக் கேட்பது எப்படி வம்பாகும்? அந்தக் கோபம் இன்னும் எனக்கு அடங்கவில்லை. இன்னொன்று, திங்கட்கிழமை போகவே போகாதீர்கள். மக்கள் குறைதீர் நாள் கூட்டம் இருக்கும், பார்க்க வேண்டியவர் எவரும் இருக்கையில் இருக்க மாட்டார்.

அப்புறம்தான் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போனேன். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு. முப்பது நாள் கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது: பயனாளிகள் விவரம் தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஜே)-யின்படி தர இயலாது. நான் ஒருவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை! முதல் மேல்முறையீட்டில் அதைத்தான் எழுதினேன்: கேட்டது எண்ணிக்கை மட்டுமே, ஆவணத்தில் பெயர் இருந்தாலும் பிரிவு 10-இன்படி அந்தப் பகுதியை நீக்கிவிட்டு மற்றதைத் தரலாம். மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. பதில் கிடைத்த முப்பது நாளுக்குள் போட்டுவிட வேண்டும். உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தது. பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டி நகலை வாங்கிய அன்று அப்படி ஒரு நிம்மதி. மனு எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 'விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். 'எண்ணிக்கை', 'ஊர்வாரியாக', 'எந்த ஆண்டு' என்று மூன்றையும் தெளிவாக எழுதுங்கள்.

வாக்குச்சாவடிவாரி முடிவுக்குப் படிவம் 20 போதும், தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். ஆனால் பலவும் ஸ்கேன் செய்த பக்கங்கள். எண்களைக் கையால் தட்டச்சு செய்து, இன்னொருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். 2024 ராமநாதபுரம் தொகுதியை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பலாப்பழம் சின்னத்தில் நின்ற ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயரில் வேறு பன்னீர்செல்வங்களும் சுயேச்சையாக நின்றார்கள். பெயரை வைத்துக் கணினியில் சேர்த்தால் எல்லாம் கலந்துவிடும். வேட்பாளர் வரிசை எண்ணை வைத்துச் சேருங்கள். தபால் ஓட்டு சாவடிக் கணக்கில் வராது. தேர்தலுக்குத் தேர்தல் சாவடி எண்ணும் மாறும், பள்ளிக்கூடத்தின் பெயரையும் தெருவையும் வைத்துத்தான் பொருத்த முடிந்தது.

ஊருக்குள் போவது தனிக் கதை. இலங்கைக் கடற்படை கைது, கடத்தல் வழக்கு என்று எப்போதும் பதற்றமாக இருக்கும் கரை இது. டேப்லெட்டோடு தெருவில் நடந்து, படகு யாருடையது என்று கேட்டால் சந்தேகப்படாமல் இருப்பார்களா? காவல் நிலையத்தில் கடித நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வழியில் நிறுத்தினார்கள், அந்தத் தாள்தான் காப்பாற்றியது. அப்புறம் ஊர்த் தலைவரைப் பாருங்கள். அவரோடு நிற்காமல் மீனவர் சங்கத்துக்காரர்களையும் தனியே பாருங்கள். படகுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியும் கூலிக்குப் போகிறவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மற்ற நாள் நாட்டுப்படகு. இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளம்பினால் பாதி வீட்டில் ஆள் இருக்காது.

ஓட்டுக் கேள்வியை வாயால் கேட்கவே கேட்காதீர்கள். முன்னோட்டத்தில் வாசலில் உட்கார்ந்து கேட்டபோது பக்கத்து வீட்டார் நாலு பேர் கூடி நின்றார்கள், எல்லோரும் ஜெயித்த கட்சியையே சொன்னார்கள். பெரிய தேர்தல் ஆய்வுகளில் செய்வதுபோல், சின்னங்கள் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, அவர்களே குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொன்னேன். ஒரு பாட்டி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என் மகனுக்குத் தெரியாதுல்ல?" என்று கேட்டார். தெரியாது பாட்டி என்றேன். பிறகுதான் குறியிட்டார். பெட்டியில் விழுந்த பதில்கள் வாசலில் கேட்ட பதில்களைப்போல இல்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அரசுப் பட்டியலிலிருந்து மட்டும் ஆட்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பட்டியலில் இல்லாதவர்கள்தான் நிவாரணத்தைப் பற்றி அதிகம் பேசினார்கள். சங்க உறுப்பினர் அட்டை இல்லாத கூலிகள், கூடை சுமந்து மீன் விற்கும் பெண்கள், கடல்பாசி எடுக்கப் போகிறவர்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் அக்கா ஒருவர் ரெக்கார்டரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா ஆனதிலிருந்து, அவர்கள் காலங்காலமாகப் போய்வந்த 21 தீவுகளும் தடை செய்யப்பட்ட இடம். ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்ட பிறகு ஒரு மணி நேரம் பேசினார். வாக்குச் சேகரிக்க வந்தவர்கள் எவரும் தன்னிடம் பாசியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றார். அவரைப் போன்றவர்களுக்காக, பட்டியலுக்கு வெளியே வீடு வீடாகக் கணக்கெடுத்து இன்னொரு மாதிரிக் குழுவையும் ஆய்வில் சேர்த்திருக்கிறேன். செலவு கூடியது, நெறியாளர் முதலில் தயங்கினார், பிறகு ஒப்புக்கொண்டார்.

மேல்முறையீட்டு மனுவின் வாசகம் தேவைப்படுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன். ஊர்ப் பெயரையும் ஆண்டையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.