ஏழு ரோட்டுக் கண்ணாடிக் கடைக் குறிப்புகள்

ஜனவரி 4

மணி பத்தாகியும் கொடைக்கானல் ஏரிப் பக்கம் மூட்டம் விலகவில்லை. ஷட்டரைத் தூக்கும்போதே ஒரு அம்மாவும் பெண்ணும் வாசலில் நின்றார்கள். பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள், பூண்டு விவசாயக் குடும்பம்.

பெண் கண்ணாடி போடாமல்தான் உள்ளே வந்தாள். ஆனால் மூக்கின் இரண்டு பக்கமும் நோஸ்பேட் அழுந்திய தடம் சிவப்பாக இருந்தது. அப்பாவுக்குப் பிறகு இந்தக் கடையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யார் கண்ணாடி போடுகிறவர் என்பதை எனக்கு முதலில் சொல்வது மூக்குதான்.

"தையில கல்யாணம்மா. இவ கண்ணாடி போடுறது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாது. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் குடுத்துருங்க" என்றார் அந்த அம்மா. பெண் கைப்பைக்குள் இருந்த பழைய கண்ணாடியை எடுத்து நீட்டினாள். மெஷினில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கண்ணும் மைனஸ் ஆறு. கண்ணாடி இல்லாவிட்டால் 16, 17 சென்டிமீட்டர் தூரம் வரைதான் அவளுக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு சாண்கூட இல்லை. அந்தக் கண்களோடு பஸ்ஸிலிருந்து இறங்கி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சரிவில் நடந்து வந்திருக்கிறாள்.

லென்ஸை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட முடியாது. கருவிழியின் வளைவை அளக்க வேண்டும், கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். மதுரைக்குப் போய்க் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொன்னேன்.

இரவு தூக்கம் வரவில்லை. எனக்கு மைனஸ் ஐந்து. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் கண்ணாடியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வந்தவருடைய சட்டை நீலம் என்பது மட்டும் தெரிந்தது. முகத்தைப் பார்க்காமலே சம்மதம் சொன்னேன். நல்ல மனிதர்தான் அமைந்தார். இருந்தாலும் அந்த நீலம் இன்னும் உறுத்துகிறது.

ஜனவரி 6

விடுமுறைக் கூட்டம் இன்னும் குறையவில்லை. திருச்சியிலிருந்து வந்த நான்கு கல்லூரிப் பிள்ளைகள் பவர் இல்லாத வட்டக் கண்ணாடி கேட்டார்கள். கோக்கர்ஸ் வாக்கில் படம் எடுக்கவாம். முன்பெல்லாம் எனக்கு இதில் கோபம் வரும். நான் பள்ளியில் "சோடாபுட்டி" என்று கேட்டு அழுத பொருளை இவர்கள் காசு கொடுத்து ஆசைக்காக வாங்குகிறார்களே என்று இருக்கும். இப்போது அந்தக் கோபம் இல்லை. கம்மல் மாதிரி, கைக்கடிகாரம் மாதிரி முகத்துக்கு ஒரு அணி, அவ்வளவுதான். இவர்கள் ஆசையாகப் போட்டுக்கொள்வதால்தான் பவர் உள்ள பிள்ளைகளுக்கும் நல்ல ஃப்ரேம்கள் கடைக்கு வருகின்றன. அப்பா காலத்தில் கறுப்பு ஒன்று, பழுப்பு ஒன்று என்று இரண்டு தட்டுதான்.

ஒரு பையன் மட்டும் "ப்ளூ கட் போட்டா போன் பார்த்துக் கண்ணு வலிக்காதுல்ல அக்கா?" என்றான். ப்ளூ கட் என்றால் நீல ஒளியைத் தடுக்கும் லென்ஸ். வலி போகும் என்று சொல்லி விற்க எனக்கு மனம் வராது. 2023இல் வெளியான, கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் ஆய்வு 17 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கணினியால் வரும் கண் சோர்வை அந்த லென்ஸ் குறைப்பதாக அதில் தெரியவில்லை. போன் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும், அதனால்தான் எரிகிறது, நடுநடுவே தூரத்தில் இருக்கும் மலையைப் பார் என்றேன். சாதா லென்ஸே போதும் என்று வாங்கிப் போனான்.

ஜனவரி 11

மதுரையில் அளந்து எழுதிக் கொடுத்த லென்ஸ் வந்துவிட்டது. சீட்டைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குச் சந்தேகம். "ஆறுன்னு சொன்னீங்க, இதுல 5.5ன்னு போட்டிருக்கே?" நல்ல கேள்வி. கண்ணாடி கண்ணிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கருவிழி மேலேயே உட்காருகிறது, அந்த இடைவெளி போவதால் மைனஸ் பவர் கொஞ்சம் குறைந்தால்தான் சரியாக இருக்கும் என்று விளக்கினேன்.

போட்டுப் பழக ஒரு மணி நேரம் ஆனது. நகம் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, கையை ஈரமில்லாமல் துடைத்து, வலது கண்ணிலிருந்து தொடங்க வேண்டும். இங்கே குளிரில் விரல் மரத்துப்போய்விடுகிறது, நுனியில் லென்ஸ் இருக்கிறதா விழுந்ததா என்றே தெரிவதில்லை. மூன்று முறை தவறவிட்டாள். அவள் சோர்ந்துவிடக் கூடாது என்று எனக்குப் பிடித்த கதையைச் சொன்னேன். ஓட்டோ விக்தர்லே என்ற செக் வேதியியலாளர் 1961 கிறிஸ்துமஸ் சமயம் வீட்டில், பிள்ளைகளின் மெர்க்குர் என்ற பூட்டி விளையாடும் உலோகத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் கொண்டு ஒரு கருவியைப் பூட்டி, மென்மையான லென்ஸ்களை வார்த்தெடுத்தார். இன்று உலகமே போடுகிற மெத்து லென்ஸ் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது என்பதை நினைத்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

நான்காவது முறை உட்கார்ந்தது. அவள் கண்ணாடியில், அதாவது சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியில், தன்னையே பார்த்தாள். மைனஸ் கண்ணாடிக்குப் பின்னால் கண் சிறுத்துத்தான் தெரியும். ஏழாம் வகுப்பிலிருந்து அவள் தெளிவாகப் பார்த்ததெல்லாம் அந்தச் சிறிய கண்களைத்தான். "என் கண்ணு இவ்வளவு பெருசா அக்கா?" என்றாள். லென்ஸ் வெட்கத்தை மறைக்க மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தது தவறு. அதற்கென்று ஒரு மகிழ்ச்சியும் இருக்கிறது.

அப்புறம் எழுதியே கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. குழாய்த் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் லென்ஸில் படவே கூடாது. அகந்தமீபா என்று ஒரு நுண்ணுயிர் தண்ணீரில் இருக்கிறது, அது கருவிழியில் புகுந்தால் பார்வையே போகலாம். லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் சொல்யூஷனில் பழையதன் மேல் புதிதை ஊற்றக் கூடாது. கண் சிவந்தால் உடனே கழற்றிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜனவரி 15

பொங்கல், கடை லீவு. வாசல் குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் என் கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. குளிர்ந்த கண்ணாடியில் பானையின் ஆவி படிகிறது. முந்தானையில் துடைத்துத் துடைத்துத்தான் பொங்கலோ பொங்கல்.

ஜனவரி 18

இன்று மனம் சரியில்லை. மணப்பெண்ணின் சித்தப்பா மகள் வந்தாள். பன்னிரண்டாவது படிக்கிறாள். கல்யாணத்துக்குப் போட சாம்பல் நிற லென்ஸ் ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கிறாள். பவர் கிடையாது, வெறும் நிறம்தான். ஒரு ஜோடியைத் தோழிகள் மூன்று பேர் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். இடது கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது.

திட்டவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். பவர் இல்லாத கண்ணாடி அலங்காரம், அதை யாரும் யாருக்கும் கொடுக்கலாம். பவர் இல்லாத லென்ஸ் அப்படி இல்லை. அது கருவிழியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது, தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அளவு பார்க்காத லென்ஸ் அதை அடைக்கும், அடுத்தவர் கண்ணிலிருந்த கிருமியையும் கொண்டுவரும். இரண்டும் அழகுக்குத்தான் என்று அவள் ஒரே தட்டில் வைத்திருக்கிறாள். விற்கிறவர்களும் அப்படித்தான் வைக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அவள் அப்பாவுக்குப் போன் போட்டு, இன்றே கண் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

ஜனவரி 20

சின்னவளுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். மேலோட்டமான கீறல்தான், ஆறிவிடுமாம். குழந்தை வேலப்பா, உனக்கு நன்றி.

ஜனவரி 22

மணப்பெண் தனியாக வந்தாள், பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு.

"அவர்கிட்ட நானே போன்ல சொல்லிட்டேன் அக்கா."

"என்ன சொன்னார்?"

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே மூக்குல தடத்தைப் பார்த்தாராம். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்னார்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், எனக்குத்தான் கண் கலங்கியது. இத்தனை நாள் அந்த வீட்டில் எவ்வளவு பயம்!

புது ஃப்ரேம் வேண்டுமாம், கல்யாணத்துக்கு. போனில் யாரோ நடிகை போட்ட பெரிய சதுர ஃப்ரேமைக் காட்டினாள். மைனஸ் ஆறுக்கு அது சரிவராது. லென்ஸ் எவ்வளவு அகலமோ ஓரம் அவ்வளவு தடிக்கும். அவளுடைய பழைய ஃப்ரேமின் கம்பியின் உள்பக்கம் 54-16-140 என்று போட்டிருந்தது. முதல் எண் லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலம், மூன்றாவது காதுக்குப் போகும் கம்பி, எல்லாம் மில்லிமீட்டரில். அந்த 54தான் சோடாபுட்டிக்குக் காரணம், அவள் கண் இல்லை. 46 அகலத்தில், லேசாக வட்டமான, தேன் நிற அசிடேட் ஃப்ரேமை எடுத்துக் கொடுத்தேன். கண்மணி லென்ஸின் நடுவில் வந்து நின்றது. ஒளியை அதிகம் வளைக்கும் 1.67 இன்டெக்ஸ் லென்ஸ் போட்டால் ஓரம் இன்னும் மெலியும். அவளுடைய மாநிறத்துக்கு அந்தத் தேன் நிறம் அப்படிப் பொருந்தியது. எதிர்க்கடை டீக்கார அண்ணன்கூட எட்டிப் பார்த்து நல்லா இருக்கு என்றார்.

வெயிலில் கறுக்கும் லென்ஸும் கேட்டாள், வேண்டாம் என்றேன். மலையில் புற ஊதாக் கதிர் அதிகம், குளிரில் அந்த லென்ஸ் இன்னும் ஆழமாகக் கறுக்கும், வெளுக்கவும் நேரம் எடுக்கும். கல்யாணப் படங்களில் அவள் கண் தெரிய வேண்டும்.

ஜனவரி 29

பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் தாலி கட்டு. விடியற்காலை, நல்ல பனி. முகூர்த்தத்துக்கு லென்ஸ்தான் போட்டிருந்தாள், அது அவளே எடுத்த முடிவு. மேக்கப்புக்கு முன்னால் லென்ஸைப் போடச் சொல்லியிருந்தேன், அப்படியே செய்திருக்கிறாள். ஓமப் புகை அவள் பக்கம் திரும்பியபோது எனக்கு நெஞ்சு பதறியது. மாப்பிள்ளை தன் துண்டை எடுத்து விசிறினார்.

மத்தியானப் பந்தியில் பார்த்தால் தேன் நிறக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறாள். சாம்பார் ஆவியில் மூட்டம் போட்டதும் கழற்றினாள், அவர் வாங்கித் துடைத்துக் கொடுத்தார். சேலை நுனியால் துடைக்காதீர்கள், கோட்டிங்கில் கீறல் விழும், பெட்டிக்குள் துணி இருக்கிறது என்று அங்கேயும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 5

அந்த அம்மா மட்டும் வந்தார். மகளுக்கு சொல்யூஷன் வாங்க என்று சொன்னார். வாங்கிய பிறகும் கிளம்பவில்லை. சீட்டைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்க முயன்றார்.

"உங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருக்குக்கா."

"ரெண்டு வருசமா ஊசியில நூல் கோக்க இவதான். இப்ப அவ இல்ல."

சோதித்ததில் கிட்டத்துக்கு ப்ளஸ் ஒன்றரை வந்தது. கறுப்பு ஃப்ரேம் தட்டை முன்னால் வைத்தேன். அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மேல் தட்டில் இருந்த சிவப்பைக் காட்டி, "அது எனக்கு எடுப்பா இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.