லெந்து (தவக்கால) நாட்களும் மார்ச் கிளோஸிங்கும்

மார்ச் 16, 2024, சனி
எங்கள் வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருக்கும் ஆச்சிக்கு, நான் விற்ற இன்ஷூரன்ஸ் பாலிசிப் பத்திரம் நேற்றே தபாலில் வந்துவிட்டதாம். வேண்டாமென்றால் 15 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். 30ஆம் தேதி வரை இருக்கிறது.

மார்ச் 18, திங்கள்
காலையில் மேனேஜர் சார் இன்ஷூரன்ஸ் டார்கெட்டைப் பலகையில் எழுதினார். என் பெயருக்கு நேரே, விற்றது மூன்று. அதில் ஒன்று ஆச்சியுடையது.

மார்ச் 20, புதன்
தூக்கம் வரவில்லை. எழுதியாவது பார்க்கிறேன்.

ஆச்சி எஃப்.டி.யைப் புதுப்பிக்கத்தான் வந்தார். 2 லட்சம். அதில் 50,000ஐ எடுத்து, “இதுல போடுங்க ஆச்சி, இதுவும் எஃப்.டி. மாதிரிதான்” என்று சொன்னது நான். சொல்லச் சொன்னது மேனேஜர் சார், ஆனால் வாய் என்னுடையது. வருஷா வருஷம் 50,000 வீதம் ஐந்து வருஷம் கட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. ‘அனைத்தும் விளக்கப்பட்டது’ கட்டத்தில் டிக் போட்டதும் நான்தான்.

அவர் கையெழுத்துப் போட்டது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. கண்ணாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. நான் பேனாவை வாங்கிய பிறகு, “இரு தாயி” என்று திரும்ப வாங்கி, கடைசி எழுத்துக்கு விட்டுப்போன புள்ளியை வைத்தார்.

உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும். ஓய்வுநாள் பள்ளியில் பரிசு வாங்கிய பைபிள் வசனம். அன்றைக்கு எங்கே போயிற்று?

மார்ச் 21, வியாழன்
31ஆம் தேதி ஞாயிறும் கிளை திறந்திருக்க வேண்டுமாம். அரசு வரவு செலவு பார்க்கும் கிளைகளுக்கெல்லாம் ரிசர்வ் வங்கி உத்தரவு. அன்று ஈஸ்டர். அம்மாவுக்குக் கோபம். “லீவு கேளு, உன் விசுவாசத்தைக் காட்டு” என்கிறாள். லீவு கேட்பது சுலபம் அம்மா. அதைக் கேட்டால் மரியாதைகூடக் கிடைக்கும்.

மார்ச் 22, வெள்ளி
ஆச்சி நம்பரை எடுத்தேன். கூப்பிடவில்லை.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு
ஊசிக்கோபுரத்துக் கோயில். முன்னால் நின்ற பிள்ளையின் ஓலை நுனி என் கன்னத்தில் குத்திக்கொண்டே இருந்தது. ஓசன்னா பாடும்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

நாளை பங்குனி உத்திரம். மேனேஜர் சார் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகிறார். அவரும் பக்தியுள்ளவர்தான். கெட்டவர் என்று எழுத மனம் வரவில்லை. ராத்திரி 9 மணிக்கு மேலிடத்திலிருந்து வரும் போனுக்கு எழுந்து நின்று பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 26, செவ்வாய்
கூப்பிட்டேன். மணி அடித்து நின்றுவிட்டது. நிம்மதியாக இருந்தது, அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 27, புதன்
வீட்டுக்கே போய்விட்டேன். பத்திரம் உறை பிரிக்காமல் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி ரொம்ப நேரம் பேசவில்லை.

“அப்போ அன்னிக்கு நீ பொய்யா சொன்ன, தாயி?”

“ஆமா ஆச்சி.”

காப்பி போட்டுக் கொடுத்தார். கை நடுங்கியது, குடித்தேன். வேண்டாம் என்ற கடிதத்தை நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார். புள்ளி வைக்கும்வரை பேனாவுக்குக் கை நீட்டவில்லை.

மார்ச் 28, பெரிய வியாழன்
மேனேஜர் சார் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார். “கிளோஸிங் முடியட்டும்மா, ஏப்ரல்ல பாப்போம்.” அதற்குள் நாள் முடிந்துவிடும் சார் என்றேன். பதில் இல்லை. பக்கத்துக் கவுன்ட்டர் பாய், நோன்பில் காய்ந்த உதட்டோடு, “நகல் வெச்சிருக்கியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் திருவிருந்துக்கு எழுந்து போகவில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி
12லிருந்து 3 வரை கோயிலில். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஒன்றுகூட மனதில் தங்கவில்லை.

மார்ச் 30, சனி
ஆச்சியை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கே போனேன். கவுன்ட்டரைப் பாய் பார்த்துக்கொண்டார். இன்னொரு கடிதம், ஒப்புகை முத்திரை, மணி 1.40. ஆச்சி அந்தத் தாளை நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்தார். இறங்கும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை.

மார்ச் 31, ஈஸ்டர்
அதிகாலை ஆராதனை முடிந்து அதே வெள்ளைச் சேலையோடு கிளைக்கு வந்தாயிற்று. பலகையில் என் பெயருக்கு நேரே இன்னும் மூன்றுதான். மேனேஜர் சார் கேபினுக்குக் கூப்பிடுகிறார்.